தடை போட்ட கை

பொன்மலையில் சிவராமனிடம் அடி வாங்காதவர்களைத் தேடிப் பிடிப்பது கொஞ்சம் கஷ்டம். ரேஷன் கடை வரிசையில் குறுக்கே புகுந்தவர், ஜி கார்னரில் வழிவிடாத ஆட்டோக்காரர், ஒர்க் ஷாப் வாசலில் அவர் கழற்றிவைத்த செருப்பைத் தெரியாமல் மாட்டிக்கொண்டு போன அம்மாசி, கூடப் பிறந்த அண்ணன், பெண்டாட்டியின் தம்பி என்று எல்லோரும் வாங்கியிருக்கிறார்கள். ஆள் பார்க்கப் பயில்வான் ஒன்றும் இல்லை. ஒல்லி உடம்பு, மூக்குக் கண்ணாடி, ஐம்பது வயதுக்குக் கொஞ்சம் அதிகமாகவே கொட்டிப்போன தலை. ஆனால் கை மட்டும் வாயை முந்திக்கொள்ளும். முதல் அறை விழுந்த பிறகுதான் எதற்காக அடித்தேன் என்று சொல்லத் தொடங்குவார். வாங்கினவர்களும் கன்னத்தைத் தடவிக்கொண்டு நின்று கேட்பார்கள், ஏனென்றால் பாதி நேரம் அவர் சொல்லும் காரணம் சரியாகவே இருக்கும்.

அதுதான் அந்த மனிதரைப் பிடித்த சனி. நியாயம் தன் பக்கம் இருக்கிறது என்று பட்டுவிட்டால் போதும், அப்புறம் அவருக்குக் கண்மண் தெரியாது.

அப்பா அரக்கோணத்திலிருந்து ரயில்வே வேலைக்காக வந்தவர். சிவராமன் பிறந்தது, படித்தது, வேலைக்குச் சேர்ந்தது, மீனாம்பாளைக் கட்டிக்கொண்டது எல்லாம் பொன்மலை ரயில்வே காலனிக்குள்தான். ஃபிட்டராகச் சேர்ந்தார். ஒர்க் ஷாப்புக்குக் கம்ப்யூட்டர்கள் வந்து இறங்கியபோது ஒயர் இழுக்கிற வேலைக்கு அனுப்பினார்கள், அங்கேயே ஒட்டிக்கொண்டுவிட்டார். எந்த மெஷினுக்கு என்ன எண், எது எதோடு பேசலாம், எது பேசக் கூடாது, வெளியே இருந்து வருகிறவர்களில் யாரை உள்ளே விடுவது, யார் முகத்தில் கதவைச் சாத்துவது என்பதையெல்லாம் தானே கற்றுக்கொண்டார். கதவைச் சாத்துகிற பகுதி அவருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

வீட்டில் மீனாம்பாளைக் கல்யாணமான புதிதிலும் அடித்தார், மகள் வளர்ந்து நிற்கும்போதும் அடித்தார். ஒரே மகள் ஸ்ரீவித்யா. அவள் தன்னோடு ஒரே காலேஜில் வேலை பார்த்த பராசரன் என்கிற ஸ்ரீரங்கத்துப் பையனை ரிஜிஸ்தர் கல்யாணம் செய்துகொண்டு போலீஸ் ஸ்டேஷனில் வந்து நின்றாள். சாதி வேறு, வீட்டில் சொல்லவில்லை, கேட்கவும் இல்லை. சிவராமன் ஸ்டேஷன் வாசலிலேயே பையனை ஓர் அறை அறைந்தார். தடுக்க வந்த மகளுக்கு இரண்டாவது. அந்த இரண்டாவது அறையில் ஸ்ரீவித்யாவின் இடது காது ஜவ்வு கிழிந்தது. அதற்குப் பிறகு அவள் அப்பாவோடு பேசவில்லை. அம்மாவோடு போனில் பேசுவாள், அவ்வளவுதான். ஸ்ரீரங்கத்தில் எந்தத் தெரு என்றுகூடச் சொல்லவில்லை, சொன்னால் அம்மா வாயிலிருந்து அவர் பிடுங்கிவிடுவார் என்று.

போன ஐப்பசியில் ஒருநாள் அவள் போன் செய்தாள். மீனாம்பாள் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுக் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். சிவராமன் பக்கத்து அறையில் இருந்தார்.

"அம்மா, எனக்கு நாள் தள்ளிப் போயிருக்கு. டாக்டர் உறுதியா சொல்லிட்டாங்க" என்றாள் ஸ்ரீவித்யா. மீனாம்பாள் கத்தியைப் போட்டுவிட்டு அழ ஆரம்பித்தாள். மகள் அழுகை ஓயும்வரை பொறுத்திருந்து சொன்னாள்: "அப்பாகிட்ட ஒண்ணு சொல்லிடு. குழந்தை பொறக்கற வரைக்கும் அவர் யார் மேலயும் கை வைக்கக் கூடாது. உன் மேல மட்டும் இல்லம்மா, யார் மேலயும். அப்படி இருந்துட்டாருன்னா நானே குழந்தையைத் தூக்கிட்டு வந்து அவர் மடியில போடறேன். ஒரே ஒரு அறைன்னு என் காதுல விழுந்தாலும் அவருக்குப் பேரப்பிள்ளை கிடையாது. அதோட முடிஞ்சுது."

சிவராமன் எல்லாவற்றையும் கேட்டார். அன்று சாயங்காலம் மீனாம்பாள் தயங்கித் தயங்கி விஷயத்தை எடுத்தபோது, "கேட்டேன்" என்றார்.  மறுநாளிலிருந்து இரண்டு கையையும் பேண்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு பேசப் பழகினார்.

நம்புவதற்குக் கஷ்டமாக இருக்கும், ஆனால் மனிதர் அதைச் செய்தார். ஆட்டோக்காரர்கள் குறுக்கே வந்தார்கள், பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். அம்மாசி பழைய கணக்கைத் தீர்த்துக்கொள்ளலாம் என்று அவர் சட்டையில் டீயைக் கொட்டிப் பார்த்தான். "பரவாயில்லப்பா" என்றார் சிவராமன். அம்மாசிக்குப் பயமே வந்துவிட்டது. இவருக்கு ஏதோ தீராத வியாதி போலிருக்கிறது என்று ஒர்க் ஷாப் முழுக்கச் சொல்லிவைத்தான். மீனாம்பாள் ஒவ்வொரு ஞாயிறும் சமயபுரம் போய் வந்தாள். வயிற்றுப்பிள்ளைக்காகப் பாதி, இவர் கைக்காகப் பாதி.

அடிக்காத அடியெல்லாம் எங்கேயாவது போய்த்தானே ஆக வேண்டும். கம்பிவலைக்குப் போயிற்று.

கம்பிவலை என்பது இன்டர்நெட்டில் ஒரு தமிழ்த் தளம். நெட்வொர்க் வேலை தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் அங்கே வந்து கேள்வி கேட்பார்கள், பதில் சொல்வார்கள், பெரும்பாலும் சண்டை போடுவார்கள். அதை நடத்துகிறவர் துபாயில் இருந்தார். சிவராமனின் சுறுசுறுப்பைப் பார்த்து அவரை அட்மின் ஆக்கிவிட்டார். அட்மின் என்றால் யார் எந்த ஐபி முகவரியிலிருந்து, அதாவது எந்த நெட் இணைப்பின் எண்ணிலிருந்து எழுதுகிறார்கள் என்று பார்க்கலாம், பிடிக்காதவர்களைத் தடுத்து வெளியே தள்ளலாம். நாய் வாயில் எலும்பைக் கொடுத்த மாதிரி ஆயிற்று. பொன்மலைக் காவலன் என்ற பெயரில் அவர் சாயங்காலமெல்லாம் உட்கார்ந்து ஆட்களைத் தடுத்தார். ஒருவன் முகவரியை மாற்றிக்கொண்டு வந்தால் அந்த வரிசையில் உள்ள அத்தனை முகவரிகளையும் சேர்த்து அடைத்தார். தடுக்கிற பொத்தானை அமுக்கும்போது உள்ளங்கையில் லேசாகச் சூடு ஏறும். அது அவருக்குப் பழக்கமான சூடுதான்.

ஒருநாள் மணப்பாறையிலிருந்து ஓர் அம்மா எழுதியிருந்தார். வீட்டுக்காரர் சதா ரம்மி ஆடுகிறார், வீட்டு நெட்டில் அந்தத் தளத்தை மட்டும் எப்படித் தடுப்பது என்று கேட்டிருந்தார்.

"அந்தத் தளத்தோட ஐபி முகவரியை ரூட்டர்ல அடைச்சுடுங்கம்மா. கதை முடிஞ்சுது" என்று எழுதினார் சிவராமன்.

கீழே உடனே ஒரு பதில் வந்தது. எழுதியவர் பெயர் கொள்ளிடக்கரை. "சார், ஒரே முகவரியில நூறு தளம் குடியிருக்கும். முகவரியை அடைச்சா மத்ததும் சேர்ந்து போயிடும். அந்தத் தளத்தோட பேரை மட்டும் தடுத்தா போதும்."

பிடித்தது சனியன். பெயரைத் தடுத்தால் ரம்மி ஆடுகிறவன் வேறு பெயரில் வருவான் என்றார் இவர். முகவரியைத் தடுத்தால் அவன் வேறு முகவரியில் வருவான், கஷ்டப்படுவது சம்பந்தமில்லாதவர்கள் என்றார் அவர். அந்த மணப்பாறை அம்மா இரண்டே நாளில் போய்விட்டார். அவர் வீட்டில் ரம்மி நின்றதா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. இவர்கள் சண்டை மாதக்கணக்கில் ஓடியது.

"முகவரின்னா வீட்டுக் கதவு எண். கதவைத் தட்டினா ஆள் வருவான், பிடிச்சுக்கலாம்" என்று எழுதுவார் சிவராமன்.

"இப்ப வீட்டுக்கு ஒரு எண் குடுக்கற அளவுக்கு எண்ணே இல்லையே சார். எங்க ஊர் கேபிள்காரர் ஒரு முகவரியை வச்சுண்டு அறுநூறு வீட்டுக்குப் பங்கு போடறார். வெளியிலேருந்து பார்த்தா அத்தனை பேரும் ஒரே ஆள் மாதிரிதான் தெரிவா."

"அறுநூறு வீட்டுல ஒருத்தன் திருடன்னா வாசலையே பூட்டு. மத்தவன் அவனைப் பிடிச்சு வெளியே தள்ளட்டும்."

"மத்தவா என்ன தப்பு சார் பண்ணினா?"

"முட்டாள்" என்று எழுதிவிட்டுப் போவார் சிவராமன். மறுநாள் கொள்ளிடக்கரை ஒன்றுமே நடக்காதது போல "வணக்கம் சார், சாப்டாச்சா?" என்று வந்து நிற்பார். எவ்வளவு திட்டினாலும் சார் என்ற சொல் மாறாது. உள்ளூர சிவராமனுக்கு அந்த ஆளைப் பிடித்திருந்தது. அவர் வராத சாயங்காலங்களில் கம்பிவலை உப்புச் சப்பில்லாமல் இருந்தது. ஒருமுறை அவர், "உங்களுக்குப் பேரன் பேத்தி இருக்காளா சார்?" என்று கேட்டார். சிவராமன், "வரப்போறது" என்று எழுதினார். எழுதிவிட்டு அன்று முழுக்க யாரையும் தடுக்கவில்லை.

சித்திரை பிறந்ததும் சிங்கக்குட்டி என்று ஒருவன் வந்து சேர்ந்தான். நெட்வொர்க் பற்றி ஒரு மண்ணும் தெரியாதவன். வேலையே அசிங்கம் எழுதுவதுதான். அட்மின் என்பதால் சிவராமன் மீது அவனுக்குத் தனிப் பிரியம். அவர் அம்மாவை எழுதினான், பெண்டாட்டியை எழுதினான். பிறகு, "உன் பொண்ணு எவன் கூட ஓடினா" என்று எழுதினான். இந்த மாதிரிப் பயல்கள் எல்லோருக்கும் எழுதுகிற வசவுதான் அது, பெண் பிள்ளையே இல்லாதவனுக்கும் எழுதுவார்கள். ஆனால் சிவராமன் அதை மூன்று தடவை படித்தார். ஓடிப்போனது இவனுக்கு எப்படித் தெரியும்?

அவன் எந்த முகவரியிலிருந்து எழுதுகிறான் என்று பார்த்தார். கொள்ளிடக்கரையின் முகவரி. எண்ணுக்கு எண் அதே.

அப்போதும் அவசரப்படவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். இரண்டு நாள் இருவரையும் சேர்த்து வைத்துக் கவனித்தார். மூன்றாம் நாள் விடிந்ததிலிருந்து சிங்கக்குட்டி இல்லை, கொள்ளிடக்கரையும் இல்லை. மத்தியானம் வரை இருவரும் இல்லை. சாயங்காலம் கொள்ளிடக்கரை வந்து வணக்கம் சொன்னார். அடுத்த கால் மணி நேரத்துக்குள் சிங்கக்குட்டி வந்து காறித் துப்பினான். சிவராமன் தொடையில் தட்டிக்கொண்டார். ஒரே முகவரி, ஒரே நேரத்தில் போனார்கள், ஒரே நேரத்தில் வந்தார்கள். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? ஒரு வாயால் சார் சார் என்று குழைந்து, பேரப்பிள்ளை இருக்கிறதா என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு, இன்னொரு வாயால் மகளை அசிங்கமாக எழுதுகிற நாய்.

"உன் வேஷம் கலைஞ்சுது. ரெண்டும் நீதாண்டா" என்று எழுதினார். கொள்ளிடக்கரை ஏதோ பதில் எழுதிக்கொண்டிருப்பதாகத் திரையில் தெரிந்தது. அந்தப் பதில் வருவதற்குள் சிவராமன் அந்த முகவரியை அடைத்தார். கோபம் அடங்காமல் அதன் முன்னும் பின்னும் உள்ள வரிசை முழுவதையும் அடைத்தார். வரவிருந்த பதில் வரவே இல்லை.

சிங்கக்குட்டிக்கு இதெல்லாம் ஒரு பொருட்டா. செல்போன் நெட்டைப் போட்டுக்கொண்டு வேறு முகவரியில் சுற்றிக்கொண்டு வந்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை காலையில் சிவராமன் காபியோடு உட்கார்ந்து கம்பிவலையைத் திறந்தபோது அவன் எழுதியது முகப்பிலேயே இருந்தது. அவரே எழுதிவைத்திருந்த அந்த 'வரப்போறது' என்பதைப் பிடித்துக்கொண்டு, மகளையும் அவள் வயிற்றையும் பற்றி இங்கே திருப்பிச் சொல்ல முடியாத ஒரு வரி.

காபி டம்ளர் சுவரில் போய் மோதியது. மீனாம்பாள் ஓடி வந்தாள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார்.

"எங்கங்க போறீங்க?"

"ஸ்ரீரங்கம். ஒருத்தனைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டுட்டு வரேன்."

மீனாம்பாள் வாசற்படியில் குறுக்கே நின்றாள். அவளுக்கு அந்த முகம் தெரியும். "ஏங்க, இன்னும் ஒரு மாசம்தாங்க. உங்க காலைப் பிடிச்சுக்கறேன். ஒரே ஒரு மாசம்."

"கை வைக்க மாட்டேன். கேட்டுட்டு வரேன், அவ்வளவுதான்" என்றார் சிவராமன். சொன்னபோது அவர் அதை நம்பியே சொன்னார் என்றுதான் நினைக்கிறேன்.

டி.வி.எஸ். டோல்கேட், பாலக்கரை, மெயின் கார்டு கேட், சத்திரம் என்று பைக் பறந்தது. காவிரிப் பாலத்தில் ஒரு பஸ்காரன் உரசிக்கொண்டு போனான், அவனைக்கூடக் கவனிக்கவில்லை. அந்த முகவரி ஸ்ரீரங்கத்துக் கேபிள்காரர் ஒருவருடையது என்று முன்பே தேடிக் கண்டுபிடித்து வைத்திருந்தார். ஆபீஸ் மேலச் சித்திரை வீதியிலிருந்து பிரிகிற சந்தில், மாடியில் இருந்தது. அறுபதை நெருங்கிய ஒருவர் ஸ்டூலில் உட்கார்ந்து மயிரிழை போன்ற கேபிள் நூல் ஒன்றைச் சேர்த்துக்கொண்டிருந்தார். அவர்தான் ஆபீஸ் முதலாளி ஜெகபர் அலி.

சிவராமன் கையைப் பாக்கெட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டு ஐபி எண்ணைச் சொன்னார். "இது யாரு?"

"நம்மளுதுதான் சார். ஆனா யாருன்னு கேட்டா என்ன சொல்றது? அதுக்குப் பின்னாடி அறுநூறு வீடு இருக்கு."

கொள்ளிடக்கரை சொன்ன அதே அறுநூறு. வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் ஒரு நிமிஷம் யோசித்திருப்பார்கள். இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டு ஒரே பொய்யைச் சொல்கிறார்கள் என்று சிவராமனுக்குப் பட்டது.

"நெட்வொர்க் பத்தி பெருசா பேசறவன். அவன் பேரைச் சொல்லுய்யா."

"கஸ்டமர் பேரையெல்லாம் கொடுக்க முடியாது சார். போலீஸ்ல எழுதிக் கொடுங்க, அவங்க வந்து கேட்டா..."

கை வெளியே வந்துவிட்டது. இத்தனை மாதம் அடைபட்டுக் கிடந்த கை. முதல் அறையில் ஜெகபர் அலி ஸ்டூலோடு சரிந்து, பின்னால் இருந்த இரும்பு அலமாரியில் தலை இடித்து விழுந்தார். அலமாரி ஆடி, மேலே இருந்த ரூட்டர் பெட்டிகள் அவர் முதுகில் கொட்டின. எழுந்தவர் கையில் கேபிள் வெட்டுகிற கட்டர் இருந்தது. அதை ஓங்கிச் சுழற்றினார், சிவராமனின் தோளில் பட்டுச் சட்டை கிழிந்தது. சிவராமன் அந்தக் கையை முறுக்கி, கட்டரைப் பிடுங்கி எறிந்துவிட்டு, முஷ்டியை மடக்கி வாயிலேயே குத்தினார். பல் உடையும் சத்தம் கேட்டது. விரல் முட்டியில் பல் கிழித்தது. இன்னொரு குத்து, இன்னொன்று. அந்த நேரத்தில் அவருக்கு எவ்வளவு சுகமாக இருந்தது என்பதை மறைத்துப் பிரயோஜனமில்லை. தாகத்தில் தவித்தவனுக்குத் தண்ணீர் கிடைத்த மாதிரி இருந்தது.

"யா அல்லா... சொல்லிடறேன், சொல்லிடறேன்" என்று ஜெகபர் அலி கையால் முகத்தை மூடிக்கொண்டார். விரலிடுக்கில் ரத்தம் வழிந்தது. "நெட்டைப் பத்தி நோண்டி நோண்டிக் கேக்கறவர் ஒருத்தர்தான். பராசரன் சார். வடக்கு அடையவளைஞ்சான் வீதி, பச்சை கேட் வீட்டு மாடி. நேத்துகூட வந்தாரு. ஏதோ தளத்துல நம்ம முகவரியையே தடுத்துட்டாங்க, நிறைய பேருக்குக் கஷ்டம்னு..."

பராசரன். சிவராமன் ஓங்கிய கையோடு அப்படியே நின்றார்.

கொள்ளிடக்கரை தன் மாப்பிள்ளை. அது புரிந்தபோதாவது மனிதருக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. கோபம் இரண்டு பங்கானதுதான் மிச்சம். பெண்ணைக் கூட்டிக்கொண்டு போனவன், வாயும் வயிறுமாக இருக்கிறவளைப் பற்றித் தானே அசிங்கம் எழுதுகிறான். இவனுக்குப் போயா என் பெண்! மகள் போட்ட நிபந்தனை அவருக்கு மறந்துவிடவில்லை. இவன் யார் என்று தெரிந்தால் அவளே என் பக்கம் வந்துவிடுவாள் என்று நினைத்தார். தான் அடிக்கப் போவது அவளுக்காகவே என்றுகூட நினைத்தார். கீழே சந்தில் சத்தம் கேட்டு ஆட்கள் கூட ஆரம்பித்திருந்தார்கள். அவர்களைத் தள்ளிக்கொண்டு போய் பைக்கை எடுத்தார்.

பச்சை கேட் வீடு உடனே கிடைத்தது. இரண்டிரண்டு படியாக ஏறி மணியை அமுக்கினார்.

கதவைத் திறந்தது பராசரன்தான். வேட்டியும் பனியனுமாக நின்றவனின் முகம் சிவராமனைப் பார்த்ததும் மலர்ந்துவிட்டது. "சார்! வாங்கோ, உள்ள வாங்கோ" என்றவன், உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தான். "வித்யா, யார் வந்திருக்கான்னு பாரு!"

அவன் முகத்தைத் திருப்புவதற்குள் குத்து விழுந்தது. மூக்கிலிருந்து ரத்தம் பீறிட்டது. இரண்டாவது குத்து வயிற்றில். மடங்கினவனின் பனியனைக் கொத்தாகப் பிடித்துச் சுவரோடு மோதினார். "என் பொண்ணை நீயே எழுதறியாடா? உன் பொண்டாட்டியை நீயே எழுதறியா?" என்று கத்திக்கொண்டே மோதினார். சுவரில் மாட்டியிருந்த பெருமாள் படம் விழுந்து கண்ணாடி உடைந்தது. பராசரன் கையைத் தூக்கித் தலையை மறைத்துக்கொண்டானே தவிர, திருப்பி அடிக்கவில்லை.

"அப்பா!"

ஸ்ரீவித்யா இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு அறை வாசலில் நின்றாள். நிறைமாத வயிறு. மூன்று வருஷத்துக்குப் பிறகு சிவராமன் மகளைப் பார்த்தார். பனியனைப் பிடித்திருந்த கை தானாக விட்டது.

"இவன் யாருன்னு தெரியுமாம்மா உனக்கு?" அவருக்கு மூச்சிரைத்தது. "கம்பிவலைல என்னை சார் சார்னுட்டு, இன்னொரு பேர்ல உன்னை அசிங்க அசிங்கமா எழுதறான். ரெண்டு பேருக்கும் ஒரே முகவரி. நான் பார்த்தேன். ஒரே நாள் விடியக்காலையில காணாமப் போனானுங்க, ஒரே நேரத்துல திரும்பி வந்தானுங்க. இவனேதான்."

பராசரன் தரையில் உட்கார்ந்தபடி வேட்டி நுனியால் மூக்கை அழுத்திக்கொண்டிருந்தான். "நான் கொள்ளிடக்கரை. அது நிஜம்" என்றான். "சிங்கக்குட்டி யாருன்னு எனக்குத் தெரியாது சார். அன்னிக்கே எழுதினேன், போகலை. அன்னிக்குத் தேர் சார்."

"என்ன தேர்?"

"சித்திரைத் தேர். நம்பெருமாள் எழுந்தருளற தேர் போறதுக்காக வீதிக்குக் குறுக்க இருக்கற ஒயரையெல்லாம் விடியறதுக்கு முன்னாடியே அவுத்துடுவா. தேர் நிலைக்கு வந்தப்பறம் சாயங்காலம்தான் திரும்பக் கட்டுவா. அன்னிக்குப் பகல் முழுக்க ஊர்ல பாதிப் பேருக்கு நெட் கிடையாது. வந்தா எல்லாருக்கும் சேர்ந்துதான் வரும்."

சிவராமன் வருஷா வருஷம் தேர் பார்க்க வருகிற மனிதர்தான். ஒயர் மேலே இருந்தால் அத்தனை உயரத் தேர் எப்படிப் போகும் என்று ஒரு தடவைகூட அண்ணாந்து பார்த்ததில்லை.

ஸ்ரீவித்யா கொடியில் கிடந்த துண்டை எடுத்து, மெதுவாகக் குனிந்து புருஷனின் மூக்கில் வைத்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

"நீங்க அங்க எழுதறதா அம்மா சொன்னதும் இவருதான் உங்களைத் தேடிக்கிட்டு அந்தத் தளத்துக்கு வந்தார். நான் வேண்டாம்னேன். தெனம் நீங்க எழுதினதையெல்லாம் எனக்குப் படிச்சுக் காட்டுவார். 'உங்கப்பா மாறிட்டார் வித்யா, இப்பல்லாம் வாயாலதான் அடிக்கறார்'னு சிரிப்பார். 'வரப்போறது'ன்னு நீங்க எழுதின அன்னிக்கு எங்கிட்ட வந்து காட்டினார். நான் அழுதேன்ப்பா. குழந்தை பொறக்கற வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும், இந்த வாரமே பொன்மலைக்குப் போலாம்னு சொல்லிக்கிட்டிருந்தோம்."

சிவராமன் ஓர் அடி முன்னால் வந்தார். அவள் பின்வாங்கினாள். அவள் கண் அவர் வலது கையில் இருந்தது.

"இவர் மூக்குல ரத்தம் இப்பத்தான் வருது. உங்க கையில இருக்கறது காஞ்சு போயிருக்கு. வழியில யாரை அடிச்சீங்க?"

அவர் கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார்.

"யாரைப்பா?"

"கேபிள்காரரை" என்றார் சிவராமன். 

"ஜெகபர் பாயையா?" என்று பராசரன் எழுந்திருக்கப் பார்த்துத் தள்ளாடினான். "ஐயோ, அவருக்குச் சர்க்கரை வேற."

ஸ்ரீவித்யா மேஜைமேல் இருந்த போனை எடுத்தாள். அழப் போகிறாள் என்று சிவராமன் நினைத்தார், அழுதால் காலில் விழுந்துவிடலாம் என்றிருந்தது. அவள் அழவில்லை. நின்ற இடத்திலேயே போனில் எதையோ தேடி அமுக்கினாள்.

"உங்க நம்பரைத் தடுத்துட்டேன். அம்மா நம்பரையும் தடுத்துட்டேன். அந்த வீட்டிலேருந்து எனக்கு எதுவும் வரக் கூடாது."

"அம்மா என்னம்மா பண்ணினா?" சிவராமன் பதறிப்போனார். "அவளை ஏம்மா? உன் துணியெல்லாம் கிழிச்சுக் குழந்தைக்குத் தச்சு வச்சிருக்கா. அவ ஒண்ணும் பண்ணலையே!"

"தெரியும்ப்பா. அம்மா ஒண்ணும் பண்ணலை. ஆனா அம்மா போனை எடுத்தா, பக்கத்துல நீங்க இருப்பீங்க. எனக்குப் பயமா இருக்கு. என் குழந்தைக்கு ஒண்ணும் ஆகக் கூடாது."

"வித்யா, அம்மாவை விட்டுடு. பாவம்" என்றான் பராசரன், துண்டுக்குள்ளிருந்து.

"நீங்க சும்மா இருங்க. உங்க பேச்சைக் கேட்டுத்தான் இவ்வளவும்." அவள் கதவைப் பிடித்துக்கொண்டாள். "போங்கப்பா. பாயை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். போலீஸ் வந்தா நான் நடந்ததைச் சொல்லுவேன்."

கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் போடுவது கேட்டது.

அவர் பொன்மலை வந்து சேர்ந்தபோது மத்தியானம் ஆகியிருந்தது. மீனாம்பாள் காலையில் உடைந்த டம்ளரைப் பொறுக்கி, சுவரைத் துடைத்து, சமைத்து வைத்துவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கேட்டுட்டு வந்தீங்களா?" என்றாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் கிழிந்த சட்டையைப் பார்த்தாள். அப்புறம் கையைப் பார்த்தாள்.  முப்பது வருஷமாகப் பார்த்த கைதானே.

"வேற யாராவது சொல்லி அவ காதுல விழறதுக்குள்ள நானே சொல்லிடறேன்" என்று மெதுவாகச் சொன்னாள். "தெரியாம நடந்துபோச்சுன்னு கெஞ்சிப் பார்க்கறேன். நான் சொன்னா கேப்பா. என் மேல அவளுக்குக் கோபம் கிடையாது."

போனை எடுத்து மகளுக்குப் போட்டாள். ஒரே ஒரு தடவை ரிங் போனது. உடனே ஒரு பெண் குரல், நீங்கள் அழைத்தவர் வேறு ஒருவருடன் பேசிக்கொண்டிருக்கிறார் என்றது.

"யாரோடயோ பேசிக்கிட்டிருக்கா போல" என்றாள் மீனாம்பாள்.

எந்தக் கதவைச் சாத்தினால் வெளியே நிற்பவனுக்கு எப்படிக் கேட்கும் என்பது சிவராமனுக்குத் தெரியும். அதைச் சொல்லாமல் கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார்.

மீனாம்பாள் கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடியும் போட்டாள்.